பிஸ்டலுக்கு ஒரு விளக்கு

அக்டோபர் 31, ராமநாதபுரம்

பசும்பொன் குருபூஜை பந்தோபஸ்து நேற்றோடு முடிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அக்டோபர் கடைசி வாரம் வந்தால் எனக்கு ராத்திரியில் சரியாகத் தூக்கம் பிடிப்பதில்லை. ஆயுதப்படை ஆர்மரராக இருந்த காலம் முழுக்க இந்த வாரத்தில் துப்பாக்கிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கிய பழக்கம்.

காலையில் தங்கை மகன் வந்தான். மெரைன் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர், ராமேஸ்வரம் பக்கம் போஸ்டிங். இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போனை நீட்டினான்.

"மாமா, ஸ்டேஷனுக்கு என்னென்ன வேணும்னு எழுதிக் கேட்டிருக்காங்க. பிஸ்டலுக்கு அடியில மாட்டுற சின்ன எல்.இ.டி. லைட் போடலாம்னு நெனைக்கிறேன். இதுல எது தேவலாம்னு பார்த்துச் சொல்லுங்க."

"மொதல்ல உங்கிட்ட இருக்கிறது எந்த பிஸ்டல், அதைச் சொல்லு மாப்ள."

அதில்தான் பாதி விஷயம் முடிந்துவிடும். நான் ஆயுளெல்லாம் பிரித்து மாட்டிய இஷாப்பூர் 9 மி.மீ. 1ஏ பிஸ்டலில் விளக்கு மாட்ட இடமே கிடையாது. அது 1935-ல் பெல்ஜியத்தில் வந்த பிரவுனிங் ஹைபவரின் வாரிசு. இரண்டாம் உலகப் போரில் கனடாவின் இங்கிலிஸ் கம்பெனி செய்த வடிவத்தை ஒட்டி நம் இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரி செய்தது. 13 ரவுண்டு மேகசின், தட்டினால் கணீரென்று இருக்கும் இரும்பு உடம்பு. ஆனால் குழலுக்குக் கீழே மொழுமொழுவென்று இருக்கும், பள்ளம் இல்லை. அதற்கென்று கவ்வி மாட்டும் அடாப்டர் விற்கிறார்கள். சர்க்கார் ஆயுதத்தில் அப்படி ஒன்றை மாட்ட நான் கையெழுத்துப் போட மாட்டேன். இரண்டு மேகசின் சுடுவதற்குள் அது முன்னே நகர்ந்து நிற்கும்.

கிளாக் என்றால் கதை வேறு. மூன்றாம் தலைமுறை கிளாக்கிலிருந்தே முன்பக்கம் ரெயில் உண்டு. இவன் கையில் இருப்பது அந்த வகை. சரி, பேசலாம் என்றேன்.

நவம்பர் 2

போனில் அவன் காட்டிய பட்டியலில் எல்லாவற்றுக்கும் முதலில் போட்டிருப்பது லூமென். 300, 500, 1,000. வாங்குகிறவனும் அதைத்தான் பார்க்கிறான். லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியே கொட்டும் மொத்த வெளிச்சம். அது எவ்வளவு குவிந்து போகிறது என்பது கேண்டெலா. தோட்டத்து ஹோஸ் குழாயில் வரும் தண்ணீர் ஒன்றுதான், வாயை விரலால் அடைத்துப் பிடித்தால்தான் அது கடைசித் தென்னைக்கு எட்டும்.

நோட்டில் அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஸ்ட்ரீம்லைட் டி.எல்.ஆர்.-7ஏ: 500 லூமென், 5,000 கேண்டெலா, எடை 68 கிராம், ஒரே ஒரு பேட்டரி. அதே கம்பெனியின் பெரிய விளக்கு டி.எல்.ஆர்.-1 எச்.எல்.: 1,000 லூமென், 20,000 கேண்டெலா, எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, பேட்டரியும் இரண்டு. கேண்டெலாவை நான்கால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் மீட்டர் கணக்கில் தூரம் வரும். சின்னதற்கு 141, பெரியதற்கு 283. பெட்டியில் அச்சடிப்பது இந்தத் தூரத்தைத்தான்.

ஆனால் அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ். அதாவது பௌர்ணமி நிலா அளவு. நிலா வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரியும், கையில் இருப்பது துடுப்பா துப்பாக்கியா என்று தெரியுமா? 25 மீட்டரில் கணக்குப் போட்டால் சின்ன விளக்கு 8 லக்ஸ் தரும், பெரியது 32. வீட்டுக்குள்ளும் சந்துக்குள்ளும் போகிற போலீசுக்குச் சின்னது தாராளமாகப் போதும். கடற்கரை, திறந்தவெளி என்றால் கேண்டெலா இல்லாத லூமென் வெறும் கண்கூச்சம்தான்.

"அப்ப பெருசையே வாங்கிரலாமே மாமா."

"உன் ஹோல்ஸ்டர்ல அது நுழையுமா?" என்றேன். பேச்சு அங்கே நின்றது. விளக்கு மாட்டினால் பழைய உறை குப்பைக்குத்தான். அந்தப் பிஸ்டல், அந்த விளக்கு இரண்டுக்கும் சேர்த்துச் செய்த உறை வேண்டும். விளக்குக்கு இண்டெண்ட் போட்டு உறைக்குப் போட மறந்தால் விளக்கு பீரோவில் தூங்கும், பிஸ்டல் இடுப்பில் இருக்கும்.

நவம்பர் 5, முகுந்தராயர் சத்திரம்

சப்ளையர் ஒருவர் பார்வைக்குக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி விளக்கை எடுத்துக்கொண்டு மருமகன் கூப்பிட்டான். பிஸ்டலில் மாட்டவில்லை, நான் மாட்ட விடவும் இல்லை. வெறும் விளக்கைக் கையில் பிடித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. கொண்டல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மழை இல்லை, ஆனால் காற்றில் உப்புத் தூவானம். கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க மங்கியது.

முதலில் கடலைப் பார்த்து அடித்தான். வெளிச்சம் பத்து முழத்திலேயே வெள்ளைச் சுவராக நின்றது. தூவானத்தில் பட்டுத் திரும்பி எங்கள் கண்ணையே குத்தியது. அணைத்த பிறகு எதிரே கடல் இருக்கிறதா, கரை இருக்கிறதா என்றே தெரியவில்லை. இருட்டுக்குப் பழகின கண் ஒருமுறை கெட்டால் முழுசாகத் திரும்ப இருபது, முப்பது நிமிஷம் ஆகும். ரோந்தில் இருக்கிறவனுக்கு அது பெரிய நஷ்டம்.

கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் வத்தை ஒன்றின் பக்கம் திருப்பினான். வெள்ளை பெயின்ட். விளக்கு பட்டதும் வத்தை மட்டும் பளீரென்று எரிந்தது, அதன் பின்னால் இருந்த நிழல் முன்னைவிடக் கறுப்பாகிவிட்டது. அந்த நிழலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் எழுந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எழுந்தவர் முதலில் செய்த காரியத்தை நான் கவனித்தேன். இடது கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். வலது கை கீழே வலையோடு போய்விட்டது. முகம் தெரியவில்லை, வலது கையும் தெரியவில்லை. போலீஸ்காரன் பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு, முகமும் கையும். நம் விளக்கே அந்த இரண்டையும் மறைத்துவிட்டது.

"யாருய்யா அது, கண்ணுல அடிக்கிறது?" என்றார்.

மருமகன் விளக்கை உடனே மணலுக்குத் தாழ்த்தினான். மணலில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தில் பெரியவர் தலை முதல் கால் வரை சாதுவாகத் தெரிந்தார். வலது கையில் வலை பின்னும் ஊசி. பிஸ்டலில் மாட்டிய விளக்கையும் இப்படித் தாழ்த்தி அடிக்கலாம், அமெரிக்காவில் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் பதற்றத்தில் கை தாழ்வதில்லை, நேராகத்தான் போகிறது. கை நேராகப் போனால் குழலும் நேராகப் பெரியவர் நெஞ்சுக்குப் போகும்.

திரும்பும்போது வண்டியில் ஒருவரும் பேசவில்லை. இந்தக் கடலில் விளக்குக்கே ஒரு வழக்கு உண்டு என்பது நினைவுக்கு வந்தது. எல்.இ.டி. விளக்கு காட்டி மீன் பிடிப்பதை 2017 நவம்பரில் மத்திய அரசு தடை செய்தது. கடலில் தூரத்தில் வெளிச்சம் தெரிந்தால் மீனவர்களே சந்தேகப்பட்டுப் பார்க்கிற காலம்.

நவம்பர் 6

இன்று சுவிட்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் விலைப்பட்டியலில் அதற்கென்று ஒரு கட்டம் இருப்பதில்லை.

2010 அக்டோபரில் டெக்சாஸ் மாநிலத்தின் பிளேனோ நகரப் போலீஸ்காரர் ஒருவர் ஓர் ஆளைச் சுட்டுவிட்டார், சுடப்பட்டவர் இறந்தும் போனார். விளக்கை எரியவைக்கத்தான் விரலை அழுத்தினேன் என்றார் அந்தப் போலீஸ்காரர். அவருடைய விளக்கின் சுவிட்ச் பிடியின் முன்பக்கம், டிரிகர் கார்டுக்குக் கீழே இருந்த வகை. ஒரே கை, பக்கத்துப் பக்கத்து விரல், ஒரே மாதிரி அமுக்கு. பயத்தில் ஒரு விரல் இறுகினால் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகும். இது உடம்பின் குணம், பயிற்சியால் குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

ஆகவே சுடுகிற கை விரலுக்கு விளக்கில் எந்த வேலையும் இருக்கக் கூடாது. மற்றக் கையின் கட்டைவிரல் போய்த் தொடுகிற மாதிரி பின்பக்கம் இருக்கும் சுவிட்சுதான் உருப்படி. டி.எல்.ஆர்.-7-ஐ 7ஏ ஆக மாற்றியபோது அந்தக் கம்பெனி செய்த பெரிய மாற்றமும் பின்பக்கச் சுவிட்சுதான். ஆபீசில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். நீ கேள் என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 9

உப்பு. இந்தக் கரையில் வேலை பார்த்தவனுக்கு விளக்கம் தேவையில்லை, பாம்பனில் சைக்கிள் வைத்திருப்பவனைக் கேட்டாலே சொல்வான். விளக்கின் உடம்பு அலுமினியம், இறுக்கும் திருகு எஃகு. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். வெள்ளை மாவு மாதிரி பொரிந்து, பிறகு திருகு கழலாது. மேல்பூச்சில் ஒரு கீறல் விழுந்த இடத்தில்தான் அது ஆரம்பிக்கும்.

பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.7 என்று போட்டிருக்கும். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். சோதனை நல்ல தண்ணீரில். கடல் ரோந்து முடிந்து வந்ததும் ஈரத்துணியால் நல்ல தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டும், ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும், பேட்டரி முனையைப் பார்க்க வேண்டும். செய்கிற ஆள் யார் என்று டூட்டி ரிஜிஸ்டரில் பெயர் எழுதாவிட்டால் செய்ய ஆள் இருக்காது.

பேட்டரி சி.ஆர்.123ஏ. மூன்று வோல்ட் லித்தியம். ஒரு காலத்தில் ஃபிலிம் கேமராவுக்குப் போட்டது, அதனால் போட்டோ ஸ்டூடியோவில் கிடைத்தது. இன்று ராமநாதபுரம் பஜாரில் கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்க்கிறார். பேட்டரியையும் சேர்த்தே வாங்கி வைக்க வேண்டும். கெட்டுப்போகாது, பத்து வருஷம் இருக்கும்.

நவம்பர் 13

மருமகன் சங்கடத்தோடு வந்தான். "நீங்க வேண்டாம்னு சொல்றீங்களா, வேணும்னு சொல்றீங்களா மாமா? தங்கம் கடத்துறவன் ராத்திரியிலதானே வர்றான்?"

வாஸ்தவம். 2023 பிப்ரவரியில் மண்டபம் பக்கம் கடத்தல்காரர்கள் கடலில் வீசிவிட்டுப் போன 17.74 கிலோ தங்கத்தை முக்குளிப்பவர்கள் அடியிலிருந்து எடுத்தார்கள். அப்படிப்பட்ட படகில் ஏறிக் குனிந்து பார்க்கிறவனுக்கு இரண்டு கையும் பிஸ்டலில் இருக்க வேண்டும், விளக்கும் கூடவே இருக்க வேண்டும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்தக் கரையில் ராத்திரி வெளிச்சத்தில் வந்து நிற்கிறவர்கள் யார்? 2022 மார்ச் 22-ஆம் தேதி அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டில் ஆறு பேர் தவித்துக்கொண்டிருந்தார்கள். இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் படகேறி வந்தவர்கள். அதில் ஒரு கைக்குழந்தை. கடலோரக் காவல் படை ஹோவர்கிராஃப்டில் போய் மீட்டு வந்தது. அதே வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி பாக் விரிகுடாவில் ஒரு படகு நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை, சந்தேகத்தில் எச்சரிக்கையாகச் சுட்டோம் என்று நம் கடற்படை சொன்னது. படகில் இருந்தவர்கள் நம் மீனவர்கள். மயிலாடுதுறை மாவட்டத்துக்காரர் ஒருவர் குண்டுக் காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே பிஸ்டலும் இல்லை, பிஸ்டல் விளக்கும் இல்லை. எதிரே இருப்பது யார் என்று தெரியாமல் ஆயுதம் முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்காகச் சொன்னேன்.

பிஸ்டலில் மாட்டியது தேடுகிற விளக்கு அல்ல. தேடுவதற்கு டார்ச். ஆள் யாரென்று தெரிந்து, ஆபத்து என்று முடிவாகி, பிஸ்டல் உறையை விட்டு வெளியே வந்த பிறகு எரிய வேண்டியது அது. டார்ச் இல்லாத போலீஸ்காரனுக்குப் பிஸ்டல் விளக்கைக் கொடுத்தால் அவன் அடையாள அட்டையைப் பார்க்கக்கூட பிஸ்டலை உருவுவான்.

அவன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதிக் குடுங்க மாமா, அப்படியே டைப் அடிச்சிர்றேன்" என்றான்.

நவம்பர் 14

எழுதிக் கொடுத்தது இது. முதல் வரி: ஆளுக்கு ஒரு நல்ல கைவிளக்கு, குவிந்த வெளிச்சம், உப்புத் தண்ணீர் தாங்குவது, பிஸ்டலோடு சேராமல் தனியாக இடுப்பில் தொங்குவது. படகுக்கு டிராகன் லைட் வேறு. இரண்டாவது வரியில்தான் பிஸ்டல் விளக்கு. அதுவும் ரெயில் உள்ள பிஸ்டலுக்கு மட்டும், சின்ன வகை, பின்பக்கச் சுவிட்ச், ஒற்றை பேட்டரி. கூடவே அதற்கேற்ற உறை, உதிரி பேட்டரி, ரப்பர் வளையம். விளக்கை மாட்டிய பிறகு ஒவ்வொரு பிஸ்டலையும் ரேஞ்சில் சுட்டுப் பார்க்க வேண்டும். முன்பு அமெரிக்காவில் .40 கிளாக் 22-ல் விளக்கு மாட்டியதும் ரவுண்டு சிக்கிய சம்பவங்கள் உண்டு. இரவுப் பயிற்சி முடிக்காதவர் பிஸ்டலில் விளக்கு மாட்டக் கூடாது என்பதைத் தனி வரியாக எழுதி அடிக்கோடிட்டேன்.

பணம் ஒன்றுக்குத்தான் வரும் என்றால் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.