என் பக்கம் பேச ஒருவர்

தேக்கா சந்தையில் மீன்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிற ஆள் நான். ஒரு வெள்ளி கூடப் போனாலும் போகட்டும், நின்று பேரம் பேச எனக்கு வராது. இந்த லட்சணத்தில் சிங்கப்பூர் ஈசூனில் மறுவிற்பனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கக் கிளம்பினேன். "நீங்க தனியா போனா அவங்க பழைய சோபாவையும் சேர்த்து வாங்கிட்டு வருவீங்க, ஒரு ஏஜண்டு பாருங்க" என்றாள் மனைவி.

ஏஜண்டு வைப்பது கட்டாயமில்லை. 2018 முதல் வீவக இணையவாசலில் வாங்குபவரும் விற்பவரும் தாங்களே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம். வாங்குவோர் தரப்பு முகவருக்குப் பெரும்பாலும் விலையில் 1 விழுக்காடு. சட்டம் வைத்த தொகை அல்ல, பேசிக்கொள்வதுதான். அரை மில்லியன் வெள்ளி வீட்டுக்கு 5,000 வெள்ளி. அந்தப் பணத்துக்குச் சமையலறை அலமாரியே போட்டுவிடலாமே என்று எனக்கு உறுத்தல்.

முதல் வீட்டில் விற்பவரின் ஏஜண்டு நம்மவர். வாசலிலேயே "வாங்கண்ணே" என்றார். எந்த ஊர்ப்பக்கம் என்று விசாரித்தார். என் அப்பாவின் ஊருக்குப் பக்கத்து ஊர்தான் அவர் தாத்தாவுக்கு. "தனியா ஏஜண்டு எதுக்குண்ணே, நானே எல்லாம் பாத்துக்கறேன். எவ்வளவு வரைக்கும் போகலாம்னு மட்டும் சொல்லுங்க." தமிழில் ஒருவர் அன்பாகக் கேட்டால் வங்கிக் கணக்கையே திறந்து காட்டிவிடுகிற பலவீனம் எனக்கு உண்டு. மனைவி கையைக் கிள்ளியதால் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் ஏமாற்றவில்லை. சொத்து முகவர் சட்டம் வந்த 2010 முதல் ஒரே பரிவர்த்தனையில் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஒரே முகவர் நிற்கக்கூடாது. ஆகவே 'நானே பாத்துக்கறேன்' என்றால், அவர் விற்பவருக்கு, எனக்கு யாருமில்லை என்று அர்த்தம். என் உச்ச விலையை அவரிடம் சொல்லியிருந்தால், அதை விற்பவரின் காதில் போடுவது அவர் கடமை. அந்தப் புன்னகையிலும் ஊர்ப்பேச்சிலும் பொய் இல்லை, ஆனால் சம்பளம் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

எங்களுக்கு அமைந்தவர் ஐம்பது தாண்டிய ஒரு சீன அம்மா. தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர் போட்ட முதல் விதி: வீடு பிடித்திருந்தால் லிஃப்டுக்குள் வந்த பிறகுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் மூச்சு விடக்கூடாது. இரண்டாவதாகப் பார்த்த வீட்டில் நான் ஜன்னல் காற்றில் லயித்து நிற்க, அவர் நேரே கழிவறைக்குப் போய்க் கைத்தொலைபேசி விளக்கை உத்தரத்தில் அடித்தார். குழாய் இறங்கும் மூலையில் தட்டு அகலத்துக்கு மட்டும் வெள்ளை புதுசு. விரலால் தடவிப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் வெளியே வந்தார். மேல்வீட்டுத் தரை கசிகிறது, பழுது பார்க்கும் செலவில் மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் பங்கு உண்டு, மேலே இருப்பவர் கதவைத் திறக்க மாட்டேன் என்றால் உங்கள் பாடு திண்டாட்டம் என்று லிஃப்டில் விளக்கினார். அந்த வீட்டை முடித்திருந்தால் அவருக்குக் கூலி கிடைத்திருக்கும். விலை ஏறினால் அவருக்கும் சில நூறு வெள்ளி ஏறும் என்ற முரண் இந்தத் தொழிலில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நிஜமான ஆபத்து, சீக்கிரம் முடித்துக் கையெழுத்து வாங்கத் துடிக்கிற ஏஜண்டிடம்தான். இவரிடம் அந்த அவசரம் இல்லை.

நாங்கள் வாங்கிய வீட்டுக்கு 560,000 வெள்ளி கேட்டார்கள். அடுத்த புளோக்கில் அதே அளவு வீடு போன விலையைக் காட்டினார் விற்பவரின் ஏஜண்டு. எங்கள் ஏஜண்டு அம்மா சிரித்தார். அந்த புளோக் வேறு, இந்த புளோக் வேறு. 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் இந்த இனத்தார் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. இந்தியர், பிறர் பிரிவுக்கு அது 2010 முதல் புளோக்கில் 15 விழுக்காடு, வட்டாரத்தில் 12. இந்த புளோக்கில் நிரம்பியிருந்தது சீனர் அளவு. நிரம்பிய இடத்தில் சீனர் இன்னொரு சீனரின் வீட்டைத்தான் வாங்க முடியும், விற்பவரோ தமிழர். ஆகவே சீனர் யாரும் போட்டிக்கு வர வழியில்லை. "அவர்களுக்கு வாங்க ஆள் குறைவு. உங்களைவிட அவர்களுக்குத்தான் அவசரம்" என்றார்.

இதை விற்பவரின் ஏஜண்டு என்னிடம் சொல்வாரா? சொல்லவே கூடாது.

மதிப்பீட்டு விஷயத்தையும் அவர்தான் கணக்கில் வைத்தார். 2014 மார்ச்சிலிருந்து முதலில் விலை பேசி முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் வீவகவிடம் மதிப்பீடு கேட்கலாம். பேசிய விலை மதிப்பீட்டைத் தாண்டினால் மிச்சத்தை ரொக்கமாகக் கொட்ட வேண்டும். கடனும் கிடையாது, மத்திய சேமநிதியையும் தொட முடியாது. இந்த புளோக்கில் முன்பு கைமாறிய வீடுகளின் விலையை மாடிவாரியாக எழுதிக் காட்டி 528,000-க்கு முடித்துக்கொடுத்தார். மதிப்பீடு அதற்குக் குறையவில்லை. அவர் கூலி 5,280.

ஆனால் எனக்குள் ஒன்று சரியாக அடங்கவில்லை. சாவி வாங்கப் போன அன்று விற்பவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றவர், மகளோடு உட்லண்ட்ஸில் போய் இருக்கப் போகிறார். நான் மிச்சம் பிடித்த 32,000 வெள்ளி அவருடைய சேமிப்பில் விழுந்த ஓட்டை. அடுத்த புளோக்கில் அவர் குடியிருந்திருந்தால், அல்லது அவர் சீனராக இருந்திருந்தால், அந்தத் தொகை அவரிடமே இருந்திருக்கும். நான் யாரையும் ஏமாற்றவில்லை. விதியும் என்னுடையது அல்ல. ஆனாலும் மீன்காரரிடம் பேரம் பேச வெட்கப்படுகிறவன், இன்னொருவர் வாயால் அதைப் பேசவைத்து இலாபத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். கேட்டால் மனைவி, "அவருக்கும் ஏஜண்டு இருந்தாரில்ல?" என்கிறாள். அதுவும் சரிதான்.

போன மாதம் என் மச்சான் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னான். அவன் புளோக்கிலும் சீனர் அளவு நிரம்பித்தான் இருக்கிறது. சீன அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். அவசரப்பட்டு விளம்பரம் போட வேண்டாம் என்றாராம் அவர். அளவு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படும். ஓர் இடம் காலியானால் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அதுவரை வந்து கேட்கிறவர்களிடம் புளோக் நிலவரத்தைப் பற்றி வாய் திறக்காதே, விலையை நான் பேசிக்கொள்கிறேன் என்று மச்சானிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம்.