லேக் மார்க்கெட்டும் மொஹினின் குதிரைகளும்

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் அன்று எதற்கும் குறைவில்லை. முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை, சரம் சரமாகப் பூ எல்லாம் கிடைக்கும். கோமள விலாஸ் பக்கம் போனால் சாம்பார் வாசனை. ராஷ்பிகாரி அவென்யூவில் டிராம் மணியடித்தபடி ஊர்ந்துகொண்டிருக்கும். எழுபதுகளின் பிற்பாதியில், அப்பாவின் உத்தியோகத்தால், நாங்கள் அங்கே குடியிருந்தோம். வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், மீன்காரனைத் தாண்டிக் காய்கறிக் கடைக்குப் போனால் அரைகுறை வங்காளம். சபாக் கச்சேரிகளுக்கு அம்மா தவறாமல் அழைத்துப் போவாள். தி.நகரில் இருந்தவர்களைவிட நாங்கள் கூடுதல் தமிழர்களாக இருந்தோம் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் லோட்ஷெடிங். அந்த வருஷங்களில் கல்கத்தாவில் வாழ்ந்த யாரிடமும் அதை விளக்க வேண்டியதில்லை. மின்விசிறி நின்றதும் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிடும். கீழ்வீட்டு அண்ணன்கள் திண்ணையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு அரசியல், கால்பந்து, சினிமா என்று மணிக்கணக்கில் அட்டா, அதாவது அரட்டை, அடிப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் ஒரு கிட்டார் இருந்தது. ஒரு கம்பி எப்போதும் அறுந்தே கிடக்கும்.

அங்கிருந்து தெற்கே, டாலிகஞ்சையும் தாண்டி, நாக்தலா. அங்கே சட்டோபாத்யாய் குடும்பத்து வீட்டில் 1975-ல் ஒரு இசைக்குழு கூடியது. தலைவர் கௌதம் சட்டோபாத்யாய். பார்க் ஸ்ட்ரீட் ராத்திரி விடுதிகளில் மேற்கத்திய இசை வாசித்தவர். நக்சல்பாரி இயக்கத்தில் இருந்து சிறைக்குப் போய் வந்தவர். தம்பிகள் இருவர், உறவினரும் நண்பர்களுமாக நால்வர் சேர்ந்து ஏழு பேர். ஜீபனானந்த தாஸின் கவிதை ஒன்றிலிருந்து பெயர் எடுத்தார்கள்: மொஹினேர் கோராகுலி, மொஹினின் குதிரைகள். 1977-ல் முதல் இசைத்தட்டு, ‘ஸங்பிக்ன பாக்கிகுல் ஓ கொல்கத்தா பிஷயக்’. கலங்கிய பறவைகளும் கல்கத்தா பற்றியும், என்று சொல்லலாம். அடுத்தடுத்த இரு வருஷங்களில் இன்னும் இரண்டு தட்டுகள். 1981-ல் குழு கலைந்தது. ரவீந்திர சங்கீதத்திலும் பாடகர் ஹேமந்த முகர்ஜியிலும் ஊறிய காதுகளுக்கு பாவுல் நாடோடிப் பாட்டும் ஜாஸும் ராக்கும் ஒரே பானையில் வெந்தது செரிக்கவில்லை. எங்கள் தெருவில் இவர்கள் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

1995 புத்தகக் கண்காட்சியில் கௌதம் ஒரு கேசட் வெளியிட்டார், ‘ஆபார் பொச்சொர் குரி பொரே’. இளைய பாடகர்களைச் சேர்த்துத் தொகுத்தது. அது பரவிற்று. அதிலுள்ள ‘ப்ருதிபீடா நாகி’ மெட்டுதான் பிறகு 2006-ல் ‘கேங்ஸ்டர்’ இந்திப் படத்தில் ‘பீகி பீகி’ ஆனது. நம்மூர் டீக்கடைகளில்கூட ஒலித்திருக்கிறது. அதற்குள் கௌதம் இறந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. எனக்கும் அந்தக் கேசட்தான் வாசல். ஆனால் முதல் தட்டைக் கேட்டது ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில், பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில்.

கடை என்பது பெரிய வார்த்தை. சுவரோடு ஒட்டிய ஒரு அலமாரி, நடைபாதை வரை சரிந்த தட்டுகள், ஒரு ஸ்டூல். கடைக்காரர் தட்டை உறையிலிருந்து உருவி, தோளில் கிடந்த கம்சாவால் வட்டமாகத் துடைத்தார். ஊசி வழுக்காமல் இருக்க, முள்ளின் தலையில் ஒரு நாணயத்தை வைத்து செலோடேப்பால் ஒட்டியிருந்தார். சரசரவென்று பொரிந்துவிட்டுப் பாட்டு ஆரம்பித்தது.

உண்மையைச் சொன்னால் ஒலிப்பதிவு சுமார்தான். குரல்கள் சில இடத்தில் தடுமாறுகின்றன. தொண்ணூறுகளின் கேசட் எவ்வளவோ சீராக இருக்கும். இருந்தும் எனக்கு முதல் தட்டுதான் ஒசத்தி. ஆபிரகாம் மஜும்தாரின் வயலின் உள்ளே வரும்போது அது மேற்கத்திய வாசிப்பா, கிராமத்து வாசிப்பா என்று சபா பழக்கத்தில் காது கேட்கும், பதில் வராது. ‘பேஷே ஆஷே கொல்கத்தா’வில் தூரத்தில் இருக்கும் ஒருவனுக்குப் புறநகரின் பனிமூட்ட விடியல் நினைவில் மிதந்து வருகிறது. ‘ஹாய் பாலோபாஷி’ பிடித்தவற்றையெல்லாம் அடுக்குகிறது: நிலா வெளிச்சத்தில் நாணற்காடு, பிக்காசோ, புனுவெல், பீட்டில்ஸ், டிலான், ரவிசங்கர், அலி அக்பர். ஆனால் வயலிலும் துறைமுகத்திலும் வியர்வை சிந்துபவர்களைப் பார்க்கும்போது இதில் எதுவுமே பிடிக்கவில்லை என்கிறது. திண்ணை அண்ணன்கள் இருட்டில் பேசிக்கொண்டிருந்தது இதைத்தான். பன்னிரண்டு வயதில் எனக்கு எட்டியது சிகரெட் நெருப்பு மட்டும். பத்திரிகைகள் அந்தக் கல்கத்தாவை மின்வெட்டும் கொடி ஊர்வலமும் மெட்ரோ தோண்டிய பள்ளமுமாகவே எழுதிவைத்திருக்கின்றன. அந்தப் பள்ளத்தைச் சுற்றி நடந்தவர்களுக்கு என்னென்ன ஆசை இருந்தது என்பது இந்தத் தட்டில் இருக்கிறது.

கடைக்காரர் சொன்ன விலைக்குப் பேரம் பேச மனம் வரவில்லை. அவரும் அதைக் கவனித்துவிட்டார்.

லேக் மார்க்கெட் இப்போது லேக் மால். நாக்தலாவுக்கு 2009-ல் மெட்ரோ வந்தது. நிலையத்துக்கு ‘கீதாஞ்சலி’ என்று பெயர். தாகூர் விடமாட்டார்! குழுவின் ரஞ்சன் கோஷால் பெங்களூரில் குடியேறி நாடகம் போட்டுக்கொண்டிருந்தார், 2020-ல் காலமானார். பாபி தா என்று எல்லாரும் கூப்பிட்ட தாபஸ் தாஸ் 2023-ல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய சிகிச்சைக்கு இளைய பாடகர்கள் கச்சேரி நடத்திப் பணம் திரட்டினார்கள்.