சுல்தானின் பல்வலி

பூனைக்குப் பல்வலி வருமான்னு கேட்டா எங்க தெருவில சிரிப்பாங்க. லப்பைக்குடிக்காட்டில் ஆம்பளைங்க பாதிப் பேர் வளைகுடாவில். வீட்டுக்கு ஆம்பளை சுல்தான்தான்னு அம்மா சொல்வாங்க. ஒன்பது வயசு, வெள்ளை உடம்பு, கறுப்பு வால். வெள்ளாத்து மீன்னா உயிர்.

அந்த சுல்தான் ஒரு வாரமா தட்டுக்கு ஓடி வருவான், ஒரு வாய் கவ்வுவான், சீறிட்டு பின்வாங்கிடுவான். பசி இருக்கு, மெல்ல முடியலை. தாடையில எச்சில், வாயில நாத்தம். உடம்பை நக்குறதையும் விட்டுட்டான், முடியெல்லாம் சடை. "திமிரு, கோழி கேக்குறான்"னாங்க அம்மா. "வயசாயிடுச்சு, விடுங்க"ன்னாங்க பக்கத்து வீட்டு மாமி. ஒரு பாராசிட்டமால் கரைச்சுக் கொடுக்கலாமேன்னும் யோசனை வந்துச்சு. மக்களே, தயவுசெஞ்சு வேண்டாம்! பூனைக்கு அது விஷம், ஒரே மாத்திரை ஆளையே முடிச்சிடும்.

உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். கடைவாய்ல மஞ்சக் காரை, ஈறு ரத்தச் சிவப்பு.

ஆடு, மாடுன்னா பக்கத்து கால்நடை மருந்தகமே போதும். பூனைப் பல்லுக்கு திருச்சி போனோம். (நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் இருக்கு.) டாக்டர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. நமக்கு வர்ற மாதிரி சொத்தைப்பல் பூனைக்கு ரொம்ப அபூர்வமாம். இனிப்பு ருசியே அதுக்குத் தெரியாதே! ஆனா உடம்போட சொந்த செல்களே பல்லைக் கரைச்சுத் தின்னுற ஒரு வியாதி உண்டு. ஈறுக்குக் கீழே எவ்வளவு போயிருக்குன்னு எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். மருந்தில் ஆறாது, பல்லைப் பிடுங்கணும், அதுவும் முழு மயக்கத்தில். மயக்கத்துக்கு முன்னாடி கிட்னி, ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை.

துபாயிலேர்ந்து தம்பி, "பூனைக்கா இவ்வளவு செலவு? மயக்கத்துலயே போயிட்டா?"ன்னான். நியாயமான கேள்விதான். ஆனா பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம கிடந்தாலே ஈரல்ல கொழுப்பு சேர்ந்து ஆபத்தாயிடும். அம்மா ஒரே வார்த்தைல முடிச்சாங்க: "பூனையைக் கட்டிப்போட்டு பட்டினி போட்டவ கதை தெரியும்ல? பணத்தை அனுப்பு."

முப்பது பல்லில் ஆறு போச்சு. ரெண்டு நாள் குழைச்ச சோறும் மீனும். மூணாம் நாள் முறைச்சுப் பார்த்தான், பழைய சுல்தான்! பல்லே இல்லாத பூனைகூட நல்லா சாப்பிடுமாம்.

இப்ப புதுசா வந்திருக்குற குட்டிக்கு விரல்ல துணி சுத்தி தினம் பல் தேய்க்கிறேன். பூனைக்குன்னே பேஸ்ட் விக்குது, நம்ம பேஸ்ட் ஆகாது. இதுவரைக்கும் ரெண்டு கடி வாங்கியாச்சு :)