வலையின் சாவி

வலைக்கு அரபு மொழியில் ‘ஷபகா’ என்று பெயர். மீன் பிடிக்கும் வலைக்கும், கணினிகளை இணைக்கும் வலையமைப்புக்கும் அதுவே சொல். தமிழும் இவ்விரண்டையும் ‘வலை’ என்றே வழங்குகிறது. வலையை ஆள்பவர் யார், அதனுள் அகப்பட்டவர் யார் என்னும் வினா அண்மையில் நம் இல்லத்திலேயே எழுந்தது.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரில் நாம் வாழும் வீடு பழையது; சுவர்கள் தடித்தவை. முன்னறை ரவுட்டரின் வைஃபை அலை, நாம் வெளியூர் மாணவர்க்கு இணையவழி அரபுப் பாடம் நடத்தும் பின்னறையை எட்டுவதில்லை. இதைக் கேள்வியுற்ற மருமகன், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தபோது மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் கருவியைப் பொருத்திச் சென்றார். ஒன்றிலிருந்து ஒன்று அலையை வாங்கி, ஒரே பெயரில் வீடு முழுவதும் பரப்புவது அதன் பணி.

பயன் மிகுதி, மறுப்பதற்கில்லை. ஆயினும் குறையும் உடன் வந்தது. நமது அச்சுப்பொறி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். அவ்வலை சுவரைக் கடப்பதில் வல்லது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவு மிக்கதாயினும் சுவரிடம் தளர்வது. பழைய ரவுட்டரில் இரண்டிற்கும் வெவ்வேறு பெயர் சூட்டியிருந்தோம். புதியதில் இரண்டும் ஒரே பெயருள் ஒளிந்துகொள்ள, அச்சுப்பொறி இணைய மறுத்தது. பிரிப்பதற்கு வழியே வைக்கப்படவில்லை. எதை மாற்றுவதாயினும் கைப்பேசிச் செயலியின் வழியே மாற்ற வேண்டும். செயலியின் கணக்கோ மருமகன் பெயரில் இருந்தது. நம் வீட்டின் சாவி கடல் கடந்து கிடந்தது.

இஃது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. கூகுள் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் ‘ஆன்ஹப்’ என்னும் ரவுட்டரை வெளியிட்டு, 2023 ஜனவரியில் அதற்கான ஆதரவை நிறுத்திற்று. கருவி அலை பரப்பிக்கொண்டுதான் இருந்தது. விலை கொடுத்து வாங்கியவரோ அதன் அமைப்புகளை மாற்ற இயலாதவரானார். இதற்கு மாறான வரலாறும் உண்டு. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரினுள் லினக்ஸ் இருந்தமையால், அதன் உரிம விதிப்படி 2003இல் மூல நிரலை வெளியிட நேர்ந்தது. அதிலிருந்து 2004இல் ‘ஓபன்டபிள்யூஆர்டி’ பிறந்தது. அதனை ஏற்கும் கருவிகளை வாங்கியோர் இன்றும் தம் வலையைத் தாமே ஆள்கின்றனர்.

நாம் குறையைச் சொன்னதும், “முன்னமே செய்திருக்க வேண்டும் மாமா, மன்னியுங்கள்” என்று மருமகன் நம் கைப்பேசிக்கும் உரிமை வழங்கினார். அலைவரிசைகளைப் பிரிக்கும் வழி அப்போதும் கிட்டவில்லை. எனினும் எக்கருவியையும் எந்நேரத்திலும் நிறுத்தும் அதிகாரம் கிட்டியது. அன்றிரவே, பேரனின் கைப்பேசிக்குப் பத்து மணியோடு இணையம் நிற்குமாறு அமைத்தோம். எவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வாடிய முகத்தோடு வந்தான். “நன்னா, ராத்திரி பத்து மணிக்கு நெட் நின்னுபோச்சு. இன்னைக்குப் பரீட்சை. சார் அனுப்பின மாதிரி வினாத்தாளைத் திறக்கவே முடியலை” என்றான். நமக்கு நா எழவில்லை. நம்மைக் கேளாமல் நமக்காக முடிவு செய்கிறார்கள் என்று பெட்டியைச் செய்தவரை நொந்துகொண்ட நாமே, அப்பிள்ளைக்கு அவ்வாறே செய்திருந்தோம்.

மாலையில் உண்மையைச் சொல்லி வருந்தினோம். பின்னர் அவனோடு அமர்ந்து, பதினொரு மணி என்றும், தேர்வு நாள்களில் விலக்கு என்றும், அதே விதி நம் கைப்பேசிக்கும் உண்டு என்றும் உடன்பட்டுக் குறித்தோம். அச்சுப்பொறியைக் கம்பியால் இணைத்துக்கொண்டோம்.

மெஷ் கருவி வாங்க எண்ணும் அன்பர்கள், விலையைக் கேட்பதற்கு முன் மூன்றைக் கேட்பது நன்று: அலைவரிசைகளைப் பிரிக்க இயலுமா? செயலியும் கணக்கும் இன்றி இயங்குமா? எத்தனை ஆண்டுகளுக்கு ஆதரவு உண்டு? சாவி கைக்கு வந்தபின், வீட்டில் உள்ளோரைக் கேட்பது நான்காவது.