திரையில் விழுந்த கோடுகள்

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டு டீவியில் மேலிருந்து கீழாக நான்கு கோடுகள் விழுந்தன. முந்திய நாள் தம்பியின் பந்து திரையில் பட்டதை உம்மா கண்டிருந்தார். பழி அவன்மேல் விழுந்தது. பந்தையும் பறித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். "மெல்லத்தான் பட்டிச்சு" என்று அவன் அழுதான். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

மறுநாள் டீவி திருத்துபவர் வந்தார். பின்மூடியைக் கழற்றி, கண்ணாடியின் கீழோரத்தில் ஒட்டப்பட்டிருந்த மெல்லிய நாடாக்களைக் காட்டினார். ஒன்றில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. "தண்ணி எறங்கியிருக்கு" என்றார்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. வாராவாரம் திரையில் நேரே தண்ணீர் தெளித்துத் துடைப்பவள் நான்தான்.

அன்றிரவு அதைத் தேடி வாசித்தேன். எங்கள் டீவியில் 1920 நிரல்கள், 1080 நிரைகள். மொத்தம் 20 இலட்சத்துக்கும் அதிகமான பிக்சல்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் வாசற்கதவு போல ஒரு சின்னஞ்சிறு திரான்சிஸ்டர். இத்தனைக்கும் தனித்தனியே வெளியிலிருந்து கம்பி இழுக்க முடியாது. அதனால் பாய் இழைத்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் ஓடுகின்றன. நிரைக்கம்பி ஒரு வரிசையின் கதவுகளைத் திறக்கும். அந்தக் கணத்தில் நிரல்கம்பிகள் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய மின்னழுத்தத்தைக் கொண்டுவரும். அதற்கேற்பத் திரவப் பளிங்கு ஒளியை விடும், அல்லது மறிக்கும்.

ஒரு திரான்சிஸ்டர் பழுதானால் ஒரு புள்ளிதான் கெடும். ஓரத்தில் ஒரு நிரல்கம்பியின் இணைப்பு விட்டுப்போனால், அதை நம்பியிருக்கும் அத்தனை பகுதிகளும் கெடும். அதுதான் கோடு. பந்து உடைத்திருந்தால் கண்ணாடியில் விரிசலும், மை கொட்டியதுபோல் கறுப்புக் கறையும் இருந்திருக்கும். எங்கள் திரையில் இரண்டுமே இல்லை.

தம்பி குற்றவாளியில்லை என்பது இப்போது எனக்கு மட்டுமே தெரியும். பேசாமலிருந்தால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சுபஹுக்குப் பிறகு வாப்பாவிடம் போனேன். "வாப்பா, டீவி பழுதானது தம்பியால இல்ல. நான் தண்ணி தெளிச்சதால."

வாப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அத அவன்கிட்ட சொல்லுங்க மகள்" என்றார்.

சொன்னேன். தம்பி என்னைப் பார்த்துவிட்டு, "அப்ப என்ட பந்தத் தாங்க ராத்தா" என்றான்.

புதிய திரையின் விலை புதிய டீவியின் விலைக்குக் கிட்ட என்பதால் கோடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. இப்போது டீவியை நிறுத்திவிட்டு, உலர்ந்த மென்துணியால் துடைக்கிறேன். அந்த நான்கு கோடுகளைக் காணும்போதெல்லாம், விசாரிக்காமல் நம்பிவிட்ட ஒரு பழி நினைவுக்கு வருகிறது.