குதிரை நின்ற இடம்
(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று தமிழ்ப் பேராசிரியர் கேட்டபோது, "எனக்கு எழுத வராது ஐயா" என்று நழுவப் பார்த்தேன். "உன்னிடம் ஒரு கிடார் இருக்கிறதாமே, அதைப்பற்றி எழுது" என்றார். பேருந்து நண்பர்கள் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். கிடார் இருப்பது உண்மை. ஆனால் அதை வாங்கிய கதை பெருமைப்படத்தக்கதன்று. இருந்தும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். சிவப்புக் கோட்டும் தங்க நிறப் பட்டையும் அணிந்து, மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னே நடந்து போகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர். தையும் வைகாசியும் ஆவணியும் சோறு போடும். ஆடியும் மார்கழியும் பட்டினி போடும். இப்போது கல்யாணக்காரர்கள் செண்டை மேளத்தையும் ஒலிபெருக்கி வண்டியையும் அழைப்பதால், முகூர்த்த மாதங்களிலும் பாதி நாள் கோட்டு ஆணியிலேயே தொங்குகிறது. ஆகவே அப்பா இரவில் ஒரு கிடங்குக்குக் காவலுக்குப் போகிறார்.

சிறுவயதில் அவருடைய கிளாரினெட்டை நான் தொட்டால் கையைத் தட்டிவிடுவார். மற்ற தகப்பன்மார் தம் தொழிலை மகனுக்குச் சொல்லித் தருவார்கள். என் தந்தையோ தம் தொழில் என் காதில்கூட விழக்கூடாதென்று, நான் படிக்கும் நேரத்தில் ஊருக்கு வெளியே வாய்க்கால் மேட்டில் போய்ச் சாதகம் செய்தார்.

நான் முதலாண்டு சேர்ந்தபோது பேருந்துக்கும் புத்தகத்துக்கும் துணிமணிக்குமாக அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிற்று. கவரிங் போட்டால் அம்மாவுக்குக் காது புண்ணாகும். வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டார். அந்தக் கம்மலை மீட்பேன் என்று சொல்லித்தான் சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போனேன். ஒரு நாளைக்கு 400 ரூபாய், சாப்பாடு தனி. சாம்பார் வாளியைத் தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிவிட்டதாக அம்மா சொல்வார்.

இப்படியாக 3,600 ரூபாய் சேர்ந்திருந்த ஒரு மாலையில், பேருந்து நிலையத்தருகே நகல் எடுக்கும் கடையில் அதைப் பார்த்தேன். அலமாரி உச்சியில், பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவே, தூசி படிந்து சாய்ந்திருந்தது. நடுவிலே வட்டத் துளை இல்லை. வயலினுக்கு இருப்பதுபோல இரு பக்கமும் 'எஃப்' எழுத்தைச் சாய்த்து வெட்டிய துளைகள். மேற்பலகை தட்டையாக இல்லாமல், கவிழ்த்த தாம்பாளம்போல லேசாக நடுவில் மேடு தட்டியிருந்தது. கடைக்காரப் பெரியவர் ஒரு காலத்தில் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவில் வாசித்தவராம். சர்க்கரை நோயால் இடக்கை விரல்கள் மரத்துப் போய்விட்டன. "கம்பி எங்கே இருக்குன்னு விரலுக்கே தெரியலே தம்பி. வாங்கிக்கிறியா? மூவாயிரத்து ஐந்நூறு கொடு" என்றார்.

நண்பர்களே, நான் யோசித்தேன் என்று எழுதினால் அது பொய். பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மீதி நூறு ரூபாய்!

வீட்டுக்குள் அதை எப்படிக் கொண்டு போவதென்று தெருமுனையில் அரைமணி நேரம் நின்றேன். அம்மா முதலில் பார்த்தார். விலை கேட்டார். சொன்னேன். கை தானாகக் காதுக்குப் போய்க் குச்சியைத் தொட்டது. பிறகு, "சாப்பிட வா சாமி" என்றார். அப்பா காவலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "இது வேண்டாம்னுதானடா உன்னைப் படிக்க வெச்சேன்" என்று ஒன்றே சொன்னார். அதன்பின் ஏறக்குறைய நான்கு மாதம் அந்த வாத்தியம் வீட்டில் இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

இந்த வகைக் கிடாருக்கு ஆர்ச்டாப் என்று பெயர். வளைந்த மேற்பலகை உடையது என்று பொருள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் ஆர்வில் கிப்சன் என்பவர், வயலினைப்போலப் பலகையைச் செதுக்கிக் குவித்து மாண்டலினும் கிடாரும் செய்யத் தொடங்கினார். 1898-இல் தம் மாண்டலினுக்குக் காப்புரிமையும் பெற்றார். 1902-இல் அவர் பெயரில் நிறுவனம் ஏற்பட்டது. அங்கே 1922-இல், லாய்ட் லோர் பணியாற்றிய காலத்தில், எல்-5 என்ற கிடார் வந்தது. எஃப் துளைகளைக் கிடாரில் கொண்டுவந்தது அதுதான். எதற்காக இவ்வளவு பாடு? மின்பெருக்கி வராத காலம். தாரைகளும் முரசுகளும் முழங்கும் இசைக்குழுவின் நடுவே கிடாரின் குரல் கேட்க வேண்டும். அதற்காக ஏற்பட்ட உடம்பு இது. இதில் கம்பிகள் மேற்பலகையில் ஒட்டிய கட்டையில் முடிவதில்லை. குதிரையின்மேல் ஏறி, வாலில் உள்ள ஓர் உலோகத் தகட்டில் போய் மாட்டிக்கொள்கின்றன. குதிரையோ பலகைமேல் சும்மா நிற்கிறது. பசை இல்லை, ஆணி இல்லை. கம்பிகளின் அழுத்தம் ஒன்றே அதை நிறுத்தி வைத்திருக்கிறது. இந்த ஒரு செய்தியைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது அவ்வளவு உயர்குலத்தது அன்று. நல்ல ஆர்ச்டாப்பின் மேற்பலகையை முழு மரத்திலிருந்து செதுக்குவார்கள். என்னுடையது ஒட்டுப்பலகையை அச்சில் வைத்து வளைத்தது. துளை வழியே டார்ச்சு அடித்துப் பார்த்தால் உள்ளே மங்கிய தாளில் 'கல்கத்தா' என்று இருக்கிறது. அந்நகர் கொல்கத்தா ஆனது 2001-இல். எனவே என்னைவிட மூத்தது என்று கணித்துக்கொண்டேன். குரலும் திரைப்படப் பாடல்களில் கேட்கும் கிடார்போல நீண்டு இழையாது. தட்டினால் 'டக்'கென்று எழுந்து உடனே அடங்கிவிடும். "தகர டப்பா" என்று தோழன் ஒருவன் பெயர் வைத்தான். கவுண்ட் பேசியின் இசைக்குழுவில் ஃபிரெடி கிரீன் என்ற ஒருவர் 1937 முதல் 1987-இல் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இத்தகைய ஆர்ச்டாப்பை மின்பெருக்கி இல்லாமலே வாசித்தார். கைப்பேசியில் கேட்டுப் பார்த்தேன். முதலில் கிடாரே கேட்கவில்லை! காதுக்கருவி மாட்டி மூன்றாம் முறை கேட்டபோதுதான், தாளத்தோடு தாளமாக 'டக், டக், டக்' என்று ஒரு நடை பிடிபட்டது. பேண்டு செட்டில் பக்கவாட்டில் நடந்து வருகிறவரை யார் பார்க்கிறார்கள்? அவர் நின்றுவிட்டால் மட்டும் ஊரே திரும்பிப் பார்க்கும்.

இனி என் மடமைக்கு வருகிறேன். வாங்கிய மறுநாளே தூசி துடைக்க எண்ணி, ஆறு கம்பிகளையும் ஒரே சமயத்தில் கழற்றினேன். குதிரை கையோடு வந்துவிட்டது! உடைத்துவிட்டோமே என்று வியர்த்தது. பிறகு அது கழன்று வரும் வகைதான் என்று புரிந்து, ஈரத்துணியால் எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்து, குதிரையைக் கண்மதிப்பாக நடுவில் வைத்து, 150 ரூபாய்க்குப் புதுக் கம்பி வாங்கி ஏற்றினேன்.

அன்றிலிருந்து அது அழுதது. கீழ் மெட்டுகளில் வாசித்தால் ஓரளவு இனிமை. மேலே போகப் போக அபசுரம். கைப்பேசிச் செயலி வைத்துத் திறந்த கம்பிகள் ஆறையும் துல்லியமாகக் கூட்டுவேன், ஆறாம் கம்பி 82.4, முதற்கம்பி 329.6 என்று. பன்னிரண்டாம் மெட்டில் விரல் வைத்தால் சுருதி ஏறி நிற்கும். நகரத்தில் ஓர் இசைக்கருவிக் கடைக்கு எடுத்துப் போனேன். கையில் வாங்கிய அரை நிமிடத்தில், "கழுத்து போயிடுச்சு. இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு. ஏழாயிரத்திலிருந்து இருக்கு" என்றார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணியின் காதில் கம்மல் ஆடிக்கொண்டே வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த மாதங்களில் நான் அதைத் தொட்டது குறைவு. தொடாமல் இருந்தால் பணம் வீணாயிற்றே என்று உறுத்தும், தொட்டாலோ அபசுரம். பந்தி பரிமாறிய கூலியெல்லாம் அடகுக்கடை வட்டிக்கே சரியாகப் போயிற்று.

இரண்டாமாண்டில் சோனாமீட்டர் சோதனை வந்தது. நம் ஆய்வகத்து நீண்ட பெட்டியை நீங்களும் அறிவீர்கள். இசைக்கவையைத் தட்டிப் பெட்டிமேல் ஊன்றி, இரண்டு குதிரைகளையும் நகர்த்தி நகர்த்தி, கம்பிமேல் மடித்து வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும் நீளத்தைக் குறிக்க வேண்டும். நீளம் குறைந்தால் அதிர்வெண் ஏறும். இழுவிசை கூடினாலும் ஏறும். பதிவேட்டில் எத்தனையோ பேர் எழுதிய அட்டவணையை நானும் எழுதினேன். மதிப்பெண்ணும் வாங்கினேன். என் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்ததும் ஒரு சோனாமீட்டர்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வாரத்தில் ஒருநாள் மாலை மனம் கேளாமல் எடுத்து மீட்டிக்கொண்டிருந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து காவலுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று, "மேலே போகப் போக ஏறுதே, உனக்குக் கேக்கலையா?" என்றார். நான்கு மாதத்தில் முதல் பேச்சு!

"கேக்குதுங்கப்பா. கழுத்து கெட்டுப்போச்சுன்னு கடையில சொன்னாங்க."

"கழுத்தோ காலோ எனக்கென்ன தெரியும். எங்க கிளாரினெட்டு வெயிலுக்கு ஏறிப்போச்சுன்னா ஜாயின்ட்ட ஒரு நூலளவு இழுத்து விடுவோம். குழல் நீண்டா சுருதி இறங்கும். உன்னுதுல இழுத்து விட ஒண்ணும் இல்லையா?"

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் உட்கார்ந்திருந்தேன். இழுத்துவிட ஒன்று இருந்தது! ஆணியும் பசையும் இல்லாமல் நிற்கும் அந்தக் குதிரை!

அளவுகோலை எடுத்தேன். கிடாரின் மெட்டுகள் கண்மதிப்பில் பதிக்கப்பட்டவை அல்ல. மீதமுள்ள கம்பி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் அடுத்த மெட்டின் தூரம் வரும். இப்படிப் பன்னிரண்டு முறை போனால் சரிபாதியில் வந்து நிற்கும். தலைப்பக்கத்து நட்டிலிருந்து பன்னிரண்டாம் மெட்டுக்கு 32.4 செ.மீ. இருந்தது. அப்படியானால் குதிரை 64.8-இல், அல்லது சற்றுப் பின்னே நிற்க வேண்டும். நான் நிறுத்தியிருந்த இடமோ 64.2! 'சற்றுப் பின்னே' ஏனென்றால், விரலால் அழுத்தும்போது கம்பி சிறிது இழுபட்டு இழுவிசை கூடிச் சுருதி ஏறுகிறது. அதை ஈடுசெய்யக் கொஞ்சம் கூடுதல் நீளம் தர வேண்டும். தடித்த கம்பிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆகவே குதிரை நேராகவும் நிற்கக்கூடாது. சாய்வாக நிற்க வேண்டும்.

கம்பிகளைத் தளர்த்திக் குதிரையை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினேன். மறுபடி முறுக்கினேன். பன்னிரண்டாம் மெட்டுக்கு நேரே கம்பியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டுத் தட்டினால் மணிபோல ஒரு குரல் வரும். அதே இடத்தில் அழுத்தித் தட்டினால் வரும் குரலும் அதுவும் ஒன்றாக வேண்டும். ஏறினால் பின்னுக்கு, இறங்கினால் முன்னுக்கு. இப்படித் தள்ளியும் கூட்டியும் இரவு பதினோரு மணியாயிற்று. அம்மா இருமுறை விளக்கை அணைக்கச் சொன்னார். கடைசியில் குதிரை நின்ற இடம் 65.1. மொத்தமே ஒன்பது மில்லிமீட்டர்தான்!

காலையில் வெளிச்சத்தில் பார்த்தேன். குதிரையின் இரு பாதங்களும், மெருகு தேய்ந்து வெளிறிய இரண்டு சிறு நீள்சதுரங்களின்மேல் அச்சாகப் பொருந்தி நின்றன. பெரியவர் எத்தனையோ ஆண்டு குதிரையை நிறுத்தி வைத்திருந்த இடம் அதுதான். ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டே நான் பார்க்கத் தவறியிருந்தேன்.

கம்பி உயரத்தையும் பிறகு சரிசெய்தேன். ஆய்வகத்து வெர்னியர் காலிப்பரில் அளந்தால் (உதவியாளர் அண்ணன் பொறுத்தருள்க) பன்னிரண்டாம் மெட்டின்மேல் நான்கு மில்லிமீட்டர் இருந்தது. குதிரையின் இரு புறமும் உள்ள திருகுச் சக்கரங்களைத் திருப்பி இரண்டரைக்குக் கொண்டுவந்தேன். விரல் நுனிகள் கொப்பளிப்பது நின்றது. தகர டப்பா தகர டப்பாவாகத்தான் இருக்கிறது. ஆனால் சுருதி சேர்ந்த தகர டப்பா. நகல் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரியவர் வலக்கையால் மட்டும் கம்பிகளைத் தடவிவிட்டு, "கம்பியை ஒவ்வொண்ணாத்தான் மாத்தணும்னு உனக்குச் சொல்ல மறந்துட்டேன் தம்பி" என்றார்.

கம்மல் இன்னும் மீளவில்லை. சென்ற தையில் அசலில் பாதி கட்டினோம். வைகாசி முகூர்த்தங்களுக்கு நான் எட்டு மண்டபம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அம்மா அதைப்பற்றி இதுவரை ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மார்கழியில் வேலையில்லாத ஒரு மாலை, அப்பா ஆணியில் தொங்கிய பையிலிருந்து கிளாரினெட்டை எடுத்துச் சீவாளியை நாவில் நனைத்துக்கொண்டே, "அஞ்சு கட்டையில பிடி" என்றார். அவர் கட்டைக் கணக்கில் பேசுவார். நான் எழுத்துக் கணக்கில் படித்தவன். அஞ்சு கட்டை என்றால் 'ஜி' என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துப் பிடித்தேன். வாய்க்கால் மேட்டுக்குப் போகாமல் அவர் வீட்டில் ஊதி நான் கேட்டது அன்றுதான். நான் நடை மட்டும் போட்டேன். இரண்டு பாட்டு ஆயிற்று. மூன்றாவதில் நான் தடுமாறியபோது அவர் நிறுத்தாமல் ஒரு சுற்று திரும்ப வாசித்து எனக்கு இடம் விட்டார். ஏழரை மணி ஆனதும் குழலைத் துடைத்துப் பையில் வைத்து, தூக்குப்போசியும் டார்ச்சுமாக எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பாமலே, "மூணாவது கம்பி இறங்கியிருக்கு, பாரு" என்றார்.

பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.