மாதவரத்தில் இரு கடிகாரங்கள்

அண்மையில் ஒரு நாள், ஆந்திரம் செல்லும் பேருந்தைப் பிடிப்பதற்காக விடியுமுன்னே மாதவரம் சென்றிருந்தேன். 2018ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பேருந்து நிலையம் அங்கேதான் உள்ளது. பேருந்துக்கு நேரமிருந்ததால், வீடுதோறும் பால் பைகள் கொண்டு சேர்த்துப் பிழைக்கும், நெடுநாள் அறிமுகமான ஓர் அம்மையாரின் இல்லத்தில் சற்று அமர்ந்தேன். சுவரில் இரண்டு கடிகாரங்கள்! ஒன்று நம் நேரத்தைக் காட்டியது. மற்றொன்று மூன்றரை மணி முந்தி ஓடியது.

“அது கொரியா நேரம், ஐயா” என்றார்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியபின், கொரிய நிறுவனங்கள் பல அப்பக்கம் வந்தன. அவற்றுள் ஒன்றில் அவர் மகன் பணிபுரிகிறான். கொரிய மொழியும் பயில்கிறான்.

அம்மொழியில் மணி சொல்வது எளிதன்று. கொரியருக்கு எண்கள் இரு வகை. மணியைச் சொந்த எண்ணாலும், நிமிடத்தைச் சீனத்திலிருந்து வந்த எண்ணாலும் சொல்லல் வேண்டும். மூன்று மணி முப்பது நிமிடம் என்பது ‘செ ஷி சம்ஷிப் புன்’. மணியில் ‘செ’யாக நின்ற மூன்று, நிமிடத்தில் ‘சம்’ ஆகிவிடுகிறது! நம் ‘அரை’ போல ‘பன்’ என்ற சொல்லும் அவர்களுக்கு உண்டு. காலையும் முக்காலையும் பதினைந்து, நாற்பத்தைந்து நிமிடங்களாகவே எண்ணிச் சொல்வர்.

எட்டு ‘யொதொல்’, பத்து ‘யொல்’. இங்கேதான் இடறினான் அந்த இளைஞன். கொரியாவில் பயிற்சி பெறுவதற்கான தொலைபேசி நேர்காணல் அந்நாட்டு நேரப்படி எட்டு மணிக்கு என்றதை, பத்து மணி என்று செவிமடுத்தான். பத்தெனில் இங்கே காலை ஆறரை, எட்டெனில் நாலரை. நாலரைக்குத் தொலைபேசி ஒலித்தபோது விழித்திருந்தவர் தாய் மட்டுமே. நள்ளிரவில் வேலை முடிந்து வந்த பிள்ளை உறங்கட்டுமென்று, அவரே அதை அணைத்துவிட்டார். ஆறு மணிக்கு எழுந்து, புதுச் சட்டை அணிந்து காத்திருந்தான் மகன். அம்முறை வாய்ப்பு வேறொருவருக்குப் போயிற்று.

“ஒரு சொல்கூட அவன் என்னைக் கடிந்து பேசவில்லை, ஐயா. ‘தவறாகக் கேட்டவன் நான்தானே, அம்மா’ என்றான்” என்று கூறுகையில் அவர் குரல் தழுதழுத்தது. அடுத்த வாரமே இரண்டாம் கடிகாரத்தை வாங்கி மாட்டினாராம். மகனிடமே பாடம் கேட்டு, பன்னிரண்டு மணிகளையும் கற்றுக்கொண்டாராம்.

நான் விடைபெற்றபோது அவரும் பால் பைகளோடு புறப்பட்டார். வாயிற்படியில் நின்று சுவரைத் திரும்பிப் பார்த்தார். நம் கடிகாரத்தில் நாலரை.

“யொதொல் ஷி” என்றார், பிழையின்றி.

உள்ளே மகன் உறங்கிக்கொண்டிருந்தான். தலைமாட்டில் தொலைபேசி விழித்திருந்தது.